பதிமூன்றுக்குப் பதிமூன்று ஜெயித்தும் வெளியே: அலபாமாவா, ஃப்ளோரிடா ஸ்டேட்டா?

2023 நவம்பர் 18. எதிரே நார்த் அலபாமா என்கிற சின்ன அணி. ஃப்ளோரிடா ஸ்டேட் தூங்கிக்கொண்டே ஆடினாலும் ஜெயிக்கக்கூடிய ஆட்டம். முதல் கால்பகுதியிலேயே, பந்தோடு ஓடிய குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) ஜோர்டன் ட்ராவிஸை மடக்கி விழுத்தினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. கால் முறிந்துவிட்டது. அணி 58-13 என்று ஜெயித்தது. அடுத்த இரண்டு ஆட்டங்களையும் ஜெயித்தது. ஆனாலும் பதினைந்து நாள் கழித்து, அந்தக் காலைக் காரணம் காட்டித்தான், பட்டத்துக்காக நான்கு அணிகள் மோதும் ப்ளேஆஃப் கதவைச் சாத்தினார்கள்.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைத் தொடர்ந்து பார்க்காதவர்களுக்கு இந்தச் சண்டை ஏன் வருகிறது என்பதே புரியாது. ஐபிஎல் என்றால் புள்ளிப் பட்டியல் இருக்கிறது, சமமானால் நெட் ரன் ரேட் இருக்கிறது, அதோடு பேச்சு முடிந்தது. இங்கே அன்று முதல் தரத்தில் மட்டும் 133 அணிகள். ஒவ்வொன்றும் வழக்கமான சீசனில் ஆடுவது 12 ஆட்டம், அதிலும் பெரும்பாலானவை தன் கான்ஃபரன்ஸுக்கு (பல கல்லூரிகள் சேர்ந்த கூட்டமைப்பு) உள்ளேயே. எஸ்இசி, ஏசிசி, பிக் டென் என்று கான்ஃபரன்ஸ் ஒவ்வொன்றும் தனி உலகம். ஒரு உலகத்தில் 12 ஜெயித்தவனையும் இன்னொரு உலகத்தில் 11 ஜெயித்தவனையும் எப்படி ஒப்பிடுவது? அதற்காக 13 பேர் கொண்ட ஒரு கமிட்டியை வைத்தார்கள். அவர்கள் அறைக்குள் உட்கார்ந்து பேசி, ஓட்டுப் போட்டு, நான்கு பெயர்களை அறிவிப்பார்கள். 2014 முதல் 2023 வரை இதுதான் முறை.

2023 டிசம்பர் 3 ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அறிவித்த வரிசை: மிச்சிகன், வாஷிங்டன், டெக்சஸ், அலபாமா. ஐந்தாவது ஃப்ளோரிடா ஸ்டேட், ஆறாவது ஜார்ஜியா.

முதல் இரண்டில் யாருக்கும் தகராறு இல்லை. மிச்சிகன் 13-0 (13 வெற்றி, தோல்வி இல்லை), வாஷிங்டன் 13-0, இருவரும் தங்கள் கான்ஃபரன்ஸ் சாம்பியன்கள். மீதி இரண்டு நாற்காலிக்கு நான்கு பேர். அதில் ஒருவன் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. மற்ற மூவரும் தலா ஒன்று தோற்றவர்கள்.

முடிச்சு விழுந்தது டெக்சஸில். அந்த செப்டம்பரில் டெக்சஸ் நேராக அலபாமாவின் டஸ்கலூசா மைதானத்துக்கே போய் 34-24 என்று ஜெயித்துவிட்டு வந்தது. பயிற்சியாளர் நிக் சேபனின் அலபாமாவை அதன் வீட்டு முற்றத்தில் பத்துப் புள்ளி வித்தியாசத்தில் தோற்கடிப்பது யாருக்கும் எளிதாக வாய்ப்பதில்லை. அதற்கப்புறம் அக்டோபரில் ஓக்லஹோமாவிடம் 34-30 என்று ஒரு தோல்வி. குவார்ட்டர்பேக் க்வின் யூவர்ஸ் காயத்தால் இரண்டு ஆட்டம் வெளியே இருந்தார். பதிலாள் ஆடிய அந்த இரண்டையும் டெக்சஸ் ஜெயித்தது, அதில் கேன்சஸ் ஸ்டேட்டுக்கு எதிரானது கூடுதல் நேரம் வரை போனது. பிக் 12 இறுதியில் ஓக்லஹோமா ஸ்டேட்டை 49-21 என்று நசுக்கினார்கள். 12-1, சாம்பியன்.

இப்போது கமிட்டியின் இக்கட்டைப் பாருங்கள். அலபாமாவும் 12-1, அதுவும் எஸ்இசி சாம்பியன். அலபாமாவை உள்ளே விட்டால் டெக்சஸை வெளியே நிறுத்த முடியாது. நேருக்கு நேர் மோதி ஜெயித்தவன் வெளியே, தோற்றவன் உள்ளே என்றால் ஊர் சிரிக்கும். ஆக, அலபாமாவுக்கு இடம் என்றால் டெக்சஸும் சேர்ந்து வந்து இரண்டு நாற்காலியையும் எடுத்துக்கொள்ளும். ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு இடம் என்றால் டெக்சஸோடு சேர்ந்து உள்ளே போகும், அலபாமா வெளியே நிற்கும். கேள்வி இவ்வளவுதான்.

அலபாமா பக்கத்து வாதம் வலுவில்லாதது என்று நான் சொல்லமாட்டேன். டிசம்பர் 2 அன்று அட்லாண்டாவில் எஸ்இசி இறுதியில் ஜார்ஜியாவை 27-24 என்று வீழ்த்தினார்கள். தொடர்ந்து 29 ஆட்டம் ஜெயித்து, 2021, 2022 இரண்டு வருடமும் பட்டம் வென்று, அந்த வாரம் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அணி அது. ஜார்ஜியாதான் ஜெயிக்கும் என்றே பந்தயக்காரர்களும் கணித்திருந்தார்கள். அந்த வருடம் வேறு யாரும் இதைவிடப் பெரிய தலையைச் சாய்க்கவில்லை. சீசன் தொடங்கியபோது தடுமாறிய அணி, முடியும்போது வேறு அணியாக மாறியிருந்தது என்பதும் உண்மை. செப்டம்பரில் சவுத் ஃப்ளோரிடாவிடம் திக்கித் திணறி 17-3 என்று ஜெயித்தபோது குவார்ட்டர்பேக் ஜேலன் மில்ரோவை வெளியே உட்காரவைத்திருந்தார்கள். டிசம்பரில் ஜார்ஜியாவைச் சாய்த்ததே அதே மில்ரோதான்.

ஆனால் வளர்ந்துகொண்டே போன அணி என்ற கதையில் ஒரு ஓட்டை இருக்கிறது. அட்லாண்டாவுக்கு ஒரு வாரம் முன்னால், நவம்பர் 25 அன்று, ஆபர்ன் மைதானத்தில் அலபாமா தோற்றுக்கொண்டிருந்தது. நான்காவது டவுன், அதாவது கடைசி வாய்ப்பு, போகவேண்டிய தூரம் 31 யார்டு, ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துக்கும் குறைவு. மில்ரோ கோட்டுக்கு உள்ளே ஒரு மூலையைப் பார்த்து வீசினார், ஐசேயா பாண்ட் பிடித்தார், 27-24. அந்தப் பந்து அரை அடி தள்ளிப் போயிருந்தால் அலபாமாவுக்கு இரண்டு தோல்வி, இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. அலபாமா ரசிகர்கள் இதை மகத்தான வெற்றி என்பார்கள். எனக்கு இது தப்பிப் பிழைத்த கதையாகத்தான் தெரிகிறது.

சரி, ஃப்ளோரிடா ஸ்டேட். 13 ஆட்டம், 13 வெற்றி. ஏசிசி சாம்பியன். கிளெம்சனில் போய்க் கூடுதல் நேரத்தில் 31-24. பாஸ்டன் காலேஜிடம் 31-29 என்று உயிர்போய் உயிர்வந்ததும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். ஏசிசி அந்த வருடம் எஸ்இசி அளவுக்குக் கடினமான கான்ஃபரன்ஸ் இல்லை என்ற குற்றச்சாட்டும் நியாயமானதே.

இரண்டு அணிகளும் ஆடிய பொது எதிரி ஒன்று உண்டு: எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட்). ஃப்ளோரிடா ஸ்டேட் அதை ஆர்லாண்டோவில் 45-24 என்று அடித்தது, 21 புள்ளி வித்தியாசம். அலபாமா தன் சொந்த மைதானத்தில் 42-28 என்று ஜெயித்தது, 14 புள்ளி. அதிலும் எல்எஸ்யுவின் ஜேடன் டேனியல்ஸ் அலபாமா ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் அடிபட்டு வெளியே போய்விட்டார். அந்த வருடத்துச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது அவருக்குத்தான். கமிட்டியின் விதிகளிலேயே பொது எதிரிகளோடு ஆடியதை ஒப்பிடச் சொல்லியிருக்கிறது. ஒப்பிட்டால் யார் பக்கம் சாய்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அலபாமா ஆட்கள் உடனே சொல்வார்கள்: அந்த ஆட்டத்தில் ட்ராவிஸ் இருந்தார் ஐயா, இப்போது இல்லையே.

உண்மை. அதே விதிகளில், முக்கிய ஆட்டக்காரர் இல்லாதது இனிமேல் ஆடப்போகிற ஆட்டத்தைப் பாதிக்குமா என்று பார்க்கலாம் என்றும் இருக்கிறது. கமிட்டித் தலைவர் பூ காரிகன் அதைப் பிடித்துக்கொண்டார்: முதல் பதினோரு ஆட்டம் ஆடிய அணி வேறு, இப்போது இருக்கிற அணி வேறு என்பது அவர் வாதம். ட்ராவிஸ் போனபின் என்ன நடந்தது? ஃப்ளோரிடாவுக்கு எதிராக டேட் ரோட்மேக்கர் ஆடி 24-15. அவருக்கும் மண்டையில் அடி. ஏசிசி இறுதிக்கு மூன்றாவது ஆள், முதலாண்டு மாணவர் பிராக் கிளென். 21 முறை வீசி 8 மட்டுமே போய்ச் சேர்ந்தது, மொத்தம் 55 யார்டு. பார்க்கச் சகிக்காத ஆட்டம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதிரே இருந்த லூயிவில் அணியை 188 யார்டுக்குள் கட்டிப்போட்டு 16-6 என்று ஜெயித்தார்கள். தடுப்பு வரிசை ஜெயித்துக்கொடுத்தால் அது வெற்றிக் கணக்கில் வராதா?

காயத்தை இப்படி எடைபோடுவது புதிதல்ல என்பவர்கள் 2014-ஐ மறந்துவிடுகிறார்கள். அந்த வருடம் ஓஹையோ ஸ்டேட்டின் முதல் குவார்ட்டர்பேக் சீசன் தொடங்குமுன்பே போனார், இரண்டாமவர் மிச்சிகன் ஆட்டத்தில் கணுக்கால் முறிந்து போனார். மூன்றாவது ஆள் கார்டேல் ஜோன்ஸ் பிக் டென் இறுதியில் விஸ்கான்சினை 59-0 என்று துவைத்தார். கமிட்டி அவர்களை நான்காவதாக உள்ளே விட்டது. அவர்கள் அலபாமாவை 42-35, ஓரிகனை 42-20 என்று தோற்கடித்துப் பட்டத்தையே தூக்கிக்கொண்டு போனார்கள். 59-0 எங்கே, 16-6 எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் கிளென் நிரந்தர ஆள் இல்லை. அரையிறுதிக்கு இன்னும் நான்கு வாரம் இருந்தது, ரோட்மேக்கர் தேறி வர நேரம் தாராளமாக இருந்தது.

எனக்கு உண்மையில் உறுத்துவது இன்னொரு விஷயம். கமிட்டி ஒவ்வொரு செவ்வாயும் இடைக்காலத் தரவரிசை வெளியிடும். நவம்பர் 28 பட்டியலில் ஃப்ளோரிடா ஸ்டேட் நான்காவது, டெக்சஸ் ஏழாவது, அலபாமா எட்டாவது. அப்போது ட்ராவிஸின் கால் முறிந்து பத்து நாள் ஆகியிருந்தது. அவர் திரும்ப வரமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும், கமிட்டிக்கும் தெரியும். தெரிந்தேதான் நான்காவதாக வைத்தார்கள். அடுத்த சனிக்கிழமை ஜெயித்தும் ஐந்தாவதாக இறங்கினார்கள் என்றால், இடையில் மாறியது காலா, அல்லது அட்லாண்டாவில் வந்த முடிவா?

ஜார்ஜியாவையும் இதில் சேர்த்துப் பார்த்தால் கமிட்டியின் தராசு எவ்வளவு ஆடியது என்று புரியும். அவர்களுக்கு இடப்பட்ட வேலை "சிறந்த நான்கு அணிகளை"த் தேர்ந்தெடுப்பது. இன்று மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்பதுதான் அளவுகோல் என்றால், முதலிடத்தில் இருந்து மூன்றே புள்ளியில் ஒரு ஆட்டம் தோற்ற ஜார்ஜியா ஒரே நாளில் ஆறாவது இடத்துக்கு எப்படிப் போனது? இல்லை, என்ன சாதித்தார்கள் என்பதுதான் அளவுகோல் என்றால் 13-0 சாம்பியன் எப்படி வெளியே? ஜார்ஜியாவைத் தள்ளும்போது சாதனையைப் பார்த்தார்கள்: சாம்பியன் இல்லையே. டெக்சஸை அலபாமாவுக்கு மேலே வைக்கும்போதும் சாதனைதான்: நேருக்கு நேர் ஜெயித்ததே. ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் வந்தபோது மட்டும் ஜோசியம் பார்த்தார்கள். இரண்டில் எந்த அளவுகோலை மட்டும் பிடித்தாலும் அந்த நான்கு பெயர் வராது. இரண்டையும் இடத்துக்குத் தகுந்தமாதிரி மாற்றிப் பிடித்தால்தான் வரும். அதனால் என் ஓட்டு ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு. ட்ராவிஸ் இல்லாத அந்த அணி அலபாமாவைத் தோற்கடித்திருக்கும் என்று நான் நம்புகிறேனா? இல்லை. ஆனால் அது ஆடித் தீர்க்க வேண்டிய விஷயம்.

அன்றைக்கு ட்ராவிஸ் எழுதியதுதான் மனதைப் பிசைந்தது: என் கால் சீசனில் இன்னும் முன்னாலேயே உடைந்திருக்கக் கூடாதா, இந்த அணி ஒரு குவார்ட்டர்பேக்கை மட்டும் நம்பியது இல்லை என்று எல்லோரும் பார்த்திருப்பார்களே என்ற அர்த்தத்தில். பெரிய கான்ஃபரன்ஸ் சாம்பியன் ஒருவர் தோல்வியே இல்லாமல் ப்ளேஆஃபுக்கு வெளியே நின்றது அதுவே முதல்முறை. மூன்று வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 அன்று பல்கலைக்கழகம் ஏசிசி மீதே வழக்குப் போட்டது. கான்ஃபரன்ஸை விட்டு வெளியேறும் புகைச்சல் முன்பே இருந்தது; இந்தத் தேர்வு அதில் எண்ணெய் ஊற்றியது.

"பார்த்தாயா, ஆரஞ்ச் பவுல் என்ற சீசன் கடைசி ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று வாங்கினார்களே" என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். இந்த விவாதத்திலேயே மட்டமான வாதம் இது. பட்டத்துக்கான ஆட்டம் இல்லை என்றானபின் அந்த அணியில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஆடவே வரவில்லை. சிலர் தொழில்முறை லீக்குக்குத் தயாராகப் போனார்கள், சிலர் வேறு கல்லூரிக்கு மாறக் கிளம்பினார்கள். அரையிறுதி கிடைத்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் போயிருப்பார்கள்? மறுபக்கம், அலபாமா ரோஸ் பவுல் அரையிறுதியில் மிச்சிகனைக் கூடுதல் நேரம் வரை இழுத்து 27-20 என்று தோற்றது. நல்ல ஆட்டம்தான். மிச்சிகன்தான் பிறகு வாஷிங்டனை 34-13 என்று வென்று பட்டம் எடுத்தது. ஆனால் தேர்வுக்குப் பிறகு நடந்ததை வைத்துத் தேர்வை நியாயப்படுத்துவதானால், கமிட்டி எதற்கு?

அடுத்த வருடமே ப்ளேஆஃப் 12 அணியாகப் பெருகியது. சண்டை ஓயவில்லை, நான்காவது இடத்திலிருந்து கடைசி இடத்துக்குக் குடிமாறியது, அவ்வளவுதான். 2024-இல் அந்தக் கடைசி இடத்துக்கு நின்றவர்கள் ஏசிசி இறுதியில் கிளெம்சனிடம் 34-31 என்று தோற்ற 11-2 எஸ்எம்யுவும், வேண்டர்பில்ட்டிடம்கூடத் தோற்றிருந்த 9-3 அலபாமாவும். இந்தமுறை வெற்றி எண்ணிக்கை ஜெயித்தது, எஸ்எம்யு உள்ளே போனது. அலபாமா வெளியே நின்று கஷ்டமான அட்டவணை பற்றிப் புலம்பியது. ஃப்ளோரிடா ஸ்டேட் அதைக் கேட்டுச் சிரிக்கும் நிலையில் இல்லை. அந்த சீசனில் அவர்கள் 2-10.