நான்கடித் தொட்டியில் எருமைத் தலை சிக்லிட்: சில ஆண்டு அனுபவம்

மீன் வளர்ப்போர் எருமைத் தலை சிக்லிட் என்று அழைக்கும், சிக்லிட் குடும்பத்து நன்னீர் மீனான ஸ்டீட்டோகிரேனஸ் கசுவாரியஸ் இணை ஒன்று சில ஆண்டுகளாக என் நான்கடித் தொட்டியில் வளர்ந்து வருகிறது. இம்மீனை வாங்க எண்ணுவோர் தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும் என்பதைவிட, அதன் தரைப்பரப்பு எவ்வளவு, அதில் கற்களை எப்படி அடுக்கப் போகிறோம் என்பதையே முதலில் யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆப்பிரிக்காவின் காங்கோ ஆறு கின்ஷாசா நகரை ஒட்டி ஏரி போல் விரிந்திருக்கும் மலேபோ பூலைக் கடந்த பின், பாறைகளுக்கிடையே சீறிப் பாய்ந்து, ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மட்டாடி துறைமுக நகரை அடைவதற்குள் 250 மீட்டருக்கும் மேல் இறங்கிவிடுகிறது. பெல்ஜிய மீனியலாளர் மாக்ஸ் போல் 1939இல் விவரித்த, இப்பகுதியில் வாழும் இந்த இனம் அந்தப் பாய்ச்சலுக்கேற்ற உடலமைப்பைப் பெற்றிருக்கிறது. மீனை மிதக்க வைக்கும் காற்றுப் பையான நீந்துபை சிறுத்திருப்பதால் அது நடுநீரில் மிதப்பதில்லை; வயிற்றுத் துடுப்புகளை ஊன்றி நின்று, கல்லுக்குக் கல் தத்திச் செல்கிறது. ஆண் 10 முதல் 12 சென்டிமீட்டர் வரை வளரும். வயது ஏற ஏற அதன் நெற்றித் திமில் புடைத்துக்கொண்டே வரும். பெண் சற்றுச் சிறியது.

இதன் மூர்க்கம் முழுவதும் இடத்தைப் பற்றியது. மேல்நீரில் திரியும் காங்கோ டெட்ரா என்னும் மீன்களை என் இணை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆனால் தரையில் வாழும் வேறு மீன் எதுவானாலும், குறிப்பாகத் தன் இனமே ஆனாலும், குகை வாயிலை நெருங்கிய மறுகணம் ஆண் செவுள் மூடிகளை விரித்துக்கொண்டு பாய்கிறது. ஆற்றில் தோற்ற மீனை நீரோட்டமே கொண்டுபோய்விடும். தொட்டியில் அதற்குப் போக்கிடம் இல்லை. ஆகவே ஒரு குகையிலிருந்து இன்னொன்று கண்ணில் படாதபடி உருண்டைக் கற்களை அடுக்கி, கவிழ்த்த மண்சட்டிகளையும் இடையிடையே வைத்திருக்கிறேன். கற்களை மணலின் மேல் வைக்காமல் அடிக்கண்ணாடியின் மேலேயே, மெல்லிய நுரைத் தகடு விரித்து, நிறுத்துவது அவசியம்; ஏனெனில் இணை சேர்ந்த ஆண் வாய் நிறைய மணலை அள்ளி வந்து வாயிலுக்கு வெளியே துப்பியபடி நாள் முழுவதும் பள்ளம் தோண்டும்.

தொட்டிக்கு வெளியே வைக்கும் வடிகட்டியான கேனிஸ்டர் ஃபில்டருடன், நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் ஒன்றும் ஓடுகிறது. இதை நீரோட்ட வேகத்துக்காக மட்டும் வைக்கவில்லை. 25 பாகை செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும் நீர், 30 பாகையில் 7.5 மில்லிகிராம் அளவே தாங்கும் என்பதால், நம் ஊர்க் கோடையில் நீரின் மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டே இருப்பது இம்மீனுக்கு மிகவும் தேவை. ஆறு நாளைக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுகிறேன். உணவு எளிது: ஸ்பைருலினா என்னும் பாசி கலந்த, நீரில் அமிழும் உணவு உருண்டைகளான பெல்லட்டும் அவ்வப்போது ஆர்ட்டீமியா என்னும் உறைந்த சிற்றிறாலும் போதும்.

முட்டை குகைக்குள் இடப்படுவதால் பெண் வெளியே வருவது குறைவதே முதல் அறிகுறி. குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பின் தாயும் தந்தையும் இரு பக்கமும் நின்று அவற்றைத் தரையோடு நகர்த்திச் செல்வதைப் பார்ப்பதற்காகவே இந்தத் தொட்டியை வைத்திருக்கலாம். அந்நாட்களில் பராமரிப்புக்குக் கையை உள்ளே விட்டால் ஆண் விரலைக் கொத்தும். ஆகவே நீண்ட பிடியுள்ள கருவிகளையே பயன்படுத்துகிறேன்.

இணைப்பிணைப்பு வலுவானது. வளர்ந்த இரண்டு மீன்களை வாங்கி ஒன்றாக விடுவதைவிட, ஐந்தாறு இளங்குஞ்சுகளை வாங்கி அவை தாமாகவே இணை சேரக் காத்திருப்பது நல்லது. இணை உறுதியானதும் எஞ்சியவற்றைத் தாமதமின்றி வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். செடிகள் நிறைந்த தொட்டியை விரும்புவோருக்கும், இரண்டடித் தொட்டி மட்டுமே வைக்க இடமுள்ளோருக்கும் இம்மீனை நான் பரிந்துரைக்க மாட்டேன்.