ஸ்குவாஷ் ஆடுகிறவர்கள் 2 கோடியா, 60 லட்சமா?

நாலு சுவருக்குள் இருவர் மாறி மாறிப் பந்தை மட்டையால் சுவரில் அடித்து ஆடும் விளையாட்டு ஸ்குவாஷ். 185 நாடுகளில் 2 கோடிப் பேர் அதை ஆடுகிறார்கள் என்று பல வருடங்களாகச் சொல்லி வருகிறார்கள். இவ்வளவு முழுசான எண்ணைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வரும். இந்த எண்ணிக்கையைப் பிடிக்க மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, சங்கங்களின் உறுப்பினர் பட்டியல். சந்தா கட்டிப் பதிந்தவர்கள் என்பதால் கற்பனைக்கு இடமில்லை. ஆனால் லீக், ரேங்கிங் என்று போகிறவர்கள்தான் பதிவார்கள். வேலை முடிந்து நண்பரோடு அரை மணி நேரம் ஆடிவிட்டு வீட்டுக்குப் போகிறவர் அதில் வரவே மாட்டார். எண்ணிக்கை இதற்குக் கீழே போகாது என்று சொல்ல மட்டும் உதவும்.

இரண்டாவது வழியான சர்வே அவரையும் பிடித்துவிடும். சிக்கல் கேள்வியில் இருக்கிறது. இங்கிலாந்தில் விளையாட்டை வளர்க்கும் பொது அமைப்பான ஸ்போர்ட் இங்கிலாந்தின் சர்வே, 16 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் கடந்த 28 நாட்களில் இரண்டு முறையாவது ஆடினீர்களா என்று பார்க்கிறது. அமெரிக்காவில் விளையாட்டுப் பொருள் துறையினர் எடுக்கும் சர்வேயில் 6 வயதிலிருந்தே கணக்கு. வருடத்தில் ஒரு தடவை ஆடியிருந்தால் போதும். இரண்டையும் எப்படிக் கூட்டுவது? அப்புறம், ஸ்குவாஷ் சின்ன விளையாட்டு. ஆயிரம் பேரில் நாலு பேர் ஆமாம் என்கிற இடத்தில் ஐந்தாவதாக ஒருவர் தலையாட்டினால், நாட்டின் எண்ணிக்கையே கால் பங்கு ஏறிவிடும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: கோர்ட்டை, அதாவது ஆடுகளத்தை எண்ணுவது. 9.75 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலம், நாலு சுவர். ஒளித்துவைக்க முடியாத பொருள். உலகில் சுமார் 50,000 கோர்ட்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 2 கோடியை அதால் வகுத்தால் கோர்ட்டுக்கு 400 பேர். நடக்கிற காரியமா? தினம் 14 மணி நேரம் திறந்திருக்கிறது, ஒரு ஆட்டத்துக்கு 45 நிமிடம் என்று வைப்போம். நாளுக்கு 18 ஆட்டம், 36 பேர்; வாரத்துக்கு 252 இடங்கள். சாயங்காலம் அடிதடியாக இருக்கும், மத்தியானம் ஈ ஆடும். அதனால் பாதிதான் நிரம்பும் என்று கொண்டால் 126. அதை 400 பேர் பங்கு போட்டால் ஆளுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு ஆட்டம். சரி, அப்படி ஆடுகிறவரையும் ஆட்டக்காரர் என்றால் 2 கோடி பொய்யில்லை. வாரம் ஒருமுறையாவது ஆட வேண்டும் என்றால் 63 லட்சத்தைத் தாண்டாது.

இதிலும் ஓட்டை உண்டு. பட்டியலில் கோர்ட் என்றிருக்கும். கதவைத் திறந்தால் உள்ளே உடற்பயிற்சி சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். ஆனாலும் 14 மணி, பாதி நிரப்பம் என்ற என் ஊகங்கள் கண்முன்னே இருக்கின்றன. பிடிக்காதவர் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதல்முறையாக இடம்பெறும்போது 2 கோடி என்ற எண் மறுபடி சுற்றிவரும். என்னைக் கேட்டால், "வாரம் ஒருமுறை ஆடுகிறவர்கள், சுமார் 60 லட்சம்" என்பேன்.