ஜின்டெக்கி.நெட்: நெட்ரன்னர் ஆட ரசிகர்கள் கட்டிய மேசை

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் 1996-இல் வடிவமைத்த நெட்ரன்னர், இருவர் ஆடும் கார்டு ஆட்டம்: ஒருவர் தன் சர்வர்களைக் காக்கும் கார்ப் (கார்ப்பரேஷன்), மற்றவர் அவற்றுக்குள் நுழையும் ஹேக்கரான ரன்னர். அது 2012-இல் ஃபேன்டசி ஃபிளைட் நிறுவனத்தின் கையில் ‘ஆண்ட்ராய்டு: நெட்ரன்னர்’ ஆக மறுபடி வந்தது. 2018 அக்டோபரோடு அந்த நிறுவனம் அதைக் கைவிட்டது. கடையில் கார்டு கிடைக்காமல் போன ஆட்டம் பொதுவாக அதோடு முடிந்துவிடும். இது முடியவில்லை. நல் சிக்னல் கேம்ஸ் என்ற ரசிகர் அமைப்பு இன்றும் புதுக் கார்டுகளை வெளியிடுகிறது. அவற்றை உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் எடுத்து ஆட ஜின்டெக்கி.நெட் இருக்கிறது. ஆட்டத்தில் வரும் ஒரு கார்ப்பரேஷனின் பெயர்தான் ஜின்டெக்கி. தளம் இலவசம். நிரல் முழுவதும் கிட்ஹப்பில் திறந்தே கிடக்கிறது.

எதையும் நிறுவ வேண்டாம், பிரவுசரே போதும். கணக்கு தொடங்க ஒரு பயனர் பெயர், மின்னஞ்சல், கடவுச்சொல். கார்டுகளை வாங்கவோ சேர்க்கவோ தேவையில்லை. எல்லாக் கார்டும் முதல் நாளிலிருந்தே உங்களுடையது. கணினியை எதிர்த்து ஆடும் வசதி மட்டும் இல்லை. எதிரில் எப்போதும் ஒரு மனிதர் வேண்டும். எதிராளியைத் தேடும் பக்கமான லாபியில் ஐரோப்பிய மாலை நேரத்தில் ஆள் கூடும். இந்தியாவில் அது இரவு.

டெக் (ஆட எடுத்துச் செல்லும் கார்டுக் கட்டு) கட்டும் பக்கம் எளிமையானது. எண்ணிக்கையையும் கார்டின் பெயரையும் வரிவரியாகத் தட்டினால் போதும். ரசிகர்கள் டெக்குகளைப் பகிரும் நெட்ரன்னர்டிபி தளத்தில் பொதுவில் உள்ள டெக்கை அதன் எண்ணைக் கொடுத்தே இறக்கிக்கொள்ளலாம். ஒரு கார்டு 3 பிரதிக்கு மேல் போனாலோ, வேற்றுக் குழுவின் கார்டுகளைச் சேர்க்கச் செலவாகும் செல்வாக்குப் புள்ளி அதன் வரம்பைத் தாண்டினாலோ பக்கமே காட்டிக்கொடுத்துவிடும். புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்குவது கார்ப் டெக்கின் அஜெண்டா (வெல்வதற்கான புள்ளி தரும் கார்டு) கணக்கில்தான்: 45 முதல் 49 கார்டு உள்ள டெக்கில் அஜெண்டா புள்ளி 20 அல்லது 21 இருக்க வேண்டும். 49 கார்டு வைக்க இடம் இருக்கிறதே என்று 4 கார்டைக் கூடுதலாகச் செருகலாம், புள்ளி ஏறாது. அஜெண்டாக்களின் அடர்த்தி குறையும்.

இந்தத் தளத்தின் பெரும் பலம், விதிகளை அதுவே பார்த்துக்கொள்வது. ஒரு முறைக்குக் கார்ப்புக்கு 3 கிளிக் (செயல்), ரன்னருக்கு 4, கட்டாய டிரா, கை வரம்பு, சேதம் வந்தால் தற்செயலாகக் கார்டு போவது என்று எல்லாம் தானாக நடக்கும். ஆனால் அதன் வசதியே சில இடங்களில் காசைத் தின்னும். ஐஸை (சர்வரைக் காக்கும் தடுப்புக் கார்டு) எதிர்கொள்ளும்போது பிரேக்கரை (அதை உடைக்கும் ரன்னரின் கார்டு) அழுத்தினால் ‘முழுவதும் உடை’ என்ற தேர்வு மொத்தச் செலவோடு வரும். ரிமோட் சர்வரை (கார்ப் தானே அமைக்கும் கூடுதல் சர்வர்) காக்கும்போது பாலிசேட் என்ற ஐஸின் வலு 2-இலிருந்து 4 ஆகிவிடும். கிளீவர் என்ற பிரேக்கரின் வலு 3. அதை ஒன்று ஏற்ற 2 கிரெடிட் (ஆட்டக் காசு), உடைக்க 1, ஆக 3 என்று தளமே கூட்டிச் சொல்லிவிடும். இங்கே கண்ணை மூடிக்கொண்டு அழுத்தலாம்.

டைத் என்ற ஐஸில் அப்படி அழுத்தக் கூடாது. அதற்கு 2 சப்ரூட்டீன் (உடைக்காவிட்டால் நடக்கும் விளைவு): ஒன்று 1 நெட் சேதம், மற்றது கார்ப்புக்கு 1 கிரெடிட். நீங்கள் ரன்னர், உங்கள் கையில் 3 கிரெடிட், பிரேக்கர் கார்மென், டைத்துக்குப் பின்னால் திறந்து கிடப்பது கார்ப்புக்குக் காசு தரும் நிகோ கேம்பெய்ன் கார்டு. அதைக் குப்பைக்கு அனுப்ப 2 வேண்டும். முழுவதும் உடைத்தால் 2 போய் மிச்சம் 1, நிகோ பிழைத்துக்கொள்ளும். சேதத்தை மட்டும் உடைத்து மற்றதை ஓடவிட்டால் கார்ப்புக்கு 1 கிரெடிட் போகும், உங்களிடம் 2 நிற்கும், நிகோ ஒழியும். அதனால் சாதாரண உடைப்புத் தேர்வை எடுத்து, எந்த சப்ரூட்டீன் என்று நீங்களே காட்டுங்கள். இந்தத் தளத்தில் நன்றாக ஆடுபவரையும் அவசரமாக ஆடுபவரையும் இந்த ஒரு பழக்கத்திலேயே பிரித்துச் சொல்லிவிடலாம்.

கார்ப் பக்கம் நடக்கும் தவறு வேறு. ரன்னர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, உடையாத சப்ரூட்டீன்களை ஓடவிடும் பொத்தானை அழுத்திவிடுவார்கள். ரன்னர் தன் பக்கப் பொத்தானால் ‘ஓடட்டும்’ என்று சைகை தரும்வரை காத்திருங்கள். சந்தேகம் இருந்தால் அரட்டைப் பெட்டியில் ஒரு வார்த்தை கேளுங்கள். கவிழ்த்து வைத்த ஐஸைக் காசு கொடுத்துத் திறப்பதா வேண்டாமா என்று கார்ப் முடிவெடுக்கும் கட்டத்தில் நேரமும் காட்டிக்கொடுக்கும். திறக்கக் காசில்லாத கார்ப் அரை நொடியில் ‘தொடர்க’ அழுத்துவார், காசிருப்பவர் தயங்குவார். அனுபவமுள்ள ரன்னர் அந்தத் தயக்கத்தை வைத்தே கணக்குப் போடுவார். பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வேகத்தில் அழுத்திப் பழகுவதுதான் வழி.

தவறாக அழுத்திவிட்டால் அரட்டைப் பெட்டியில் சாய்கோடு போட்டுக் கட்டளை தரலாம். ‘அன்டூ-கிளிக்’ அந்தக் கிளிக்கின் தொடக்கத்துக்குக் கொண்டுபோகும். ‘அன்டூ-டர்ன்’ நடக்க இரண்டு பேருமே தட்ட வேண்டும். எதிராளியின் கார்டைப் பார்த்த பிறகு பின்வாங்குவது ஏமாற்றுதான், முதலில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ‘கிரெடிட் 7’ என்றால் 7 கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, இருப்பே 7 என்று மாறிவிடும். புதுக் கார்டு ஒன்று பிசகாக நடந்தால் கைமுறையாகச் சரிசெய்ய இந்தக் கட்டளைகளே கைகொடுக்கும். ‘குளோஸ்-பிராம்ப்ட்’ மட்டும் கடைசி வழி. திறந்திருக்கும் கேள்வியை அது மூடிவிடும், அதன் பின் நடக்க வேண்டியது நடக்காமல் நின்றுவிடலாம்.

குறையும் சொல்ல வேண்டும். போனில் ஆடுவது சிரமம். 4 ரிமோட், ஒவ்வொன்றின் முன்னும் 2 ஐஸ் என்று மேசை விரிந்தால் கார்டின் எழுத்தைப் படிக்கவே கண் வலிக்கும். மடிக்கணினி நல்லது, கிடைமட்டமாக வைத்த டேப்லட் பரவாயில்லை. தமிழ் இடைமுகம் இல்லை. ஆட்டத்தையே அறியாதவருக்குத் தளம் சொல்லிக்கொடுக்காது: எந்தப் பொத்தானை அழுத்தலாம் என்று காட்டும், ஏன் என்று சொல்லாது. 2021-இல் வந்த சிஸ்டம் கேட்வே என்ற தொடக்கத் தொகுப்பின் விதிப் புத்தகத்தை முதலில் படியுங்கள். பிறகு லாபியில் அந்த வடிவத்தைத் தேர்ந்து, தளம் தரும் ஆயத்த டெக்கோடு தொடங்குங்கள். கார்டுகளின் அச்சுக் கோப்புகளையும் நல் சிக்னல் இலவசமாகவே தருகிறது, வீட்டில் அச்சிட்டுப் பழகலாம்.

லாபியில் புது ஆட்டம் தொடங்கும்போது இரண்டு டிக் கட்டங்களைக் கவனியுங்கள். ‘ரீப்ளே சேமி’யைத் தொடக்கத்திலேயே டிக் செய்யாவிட்டால் பிறகு சேர்க்க முடியாது. தோற்ற ஆட்டத்தைக் கிளிக் கிளிக்காகத் திருப்பிப் பார்ப்பதைப் போல வேறெதுவும் கற்றுத் தராது. பார்வையாளர்களுக்கு மறைந்த கார்டுகளைக் காட்டும் கட்டம், சொல்லிக்கொடுக்கும் ஆட்டத்துக்கு அருமை. பந்தய ஆட்டத்தில் அதை அணைத்தே வையுங்கள், பார்ப்பவர் யாருடன் போனில் பேசிக்கொண்டிருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது.