பைதானில் பெரிய ஃபைலை வரி வரியாகப் படிப்பது: லூப்பா, ரீட்லைன்ஸா, பைனரியா, எம்மேப்பா?

பல ஜிபி லாக் ஃபைலை வரி வரியாகப் படிக்கும் பைதான் புரோகிராம் இழுத்துக்கொண்டே போகிறது என்று சொன்னால், ஒருவர் "எம்மேப் (mmap, ஃபைலை மெமரியின் ஒரு பகுதிபோலவே காட்டும் வழி) போட்டுப் பார்" என்பார், இன்னொருவர் "ரீட்லைன்ஸில் மொத்தமாக இழுத்துவிடு, ரேம் சும்மாதானே கிடக்கிறது" என்பார். நேரம் போவது படிப்பதிலா, படித்த பிறகா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைத் தெரிந்துகொள்ள பெரிய கருவி எதுவும் வேண்டாம், லூப்புக்குள் இருக்கும் வேலையை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் பாஸ் மட்டும் வைத்து ஓட்டினால் போதும். முழு புரோகிராம் 60 விநாடி எடுத்து, வெற்று லூப் 5 விநாடியில் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் வழியை எப்படி மாற்றினாலும் அந்த 5 விநாடியில்தான் ஏதாவது மிச்சம் பிடிக்கலாம். மீதி 55 விநாடி வரிக்குள் வடிவம் தேடும் ரெஜெக்ஸிலோ, வரிக்கு வரி தேதியைப் பிரிக்கும் ஸ்டிரப்டைமிலோ மாட்டிக்கொண்டிருக்கும்.

அளக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் டிஸ்கிலிருந்து வந்த ஃபைல் இரண்டாவது ஓட்டத்தில் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மெமரியில் வைத்திருக்கும் பேஜ் கேஷிலிருந்தே வந்துவிடும். பழைய வழியை முதலிலும் புதிய வழியை இரண்டாவதாகவும் ஓட்டிவிட்டு "பார், வேகமாகிவிட்டது" என்று துள்ளிக் குதிப்பது இப்படித்தான் நடக்கிறது.

சரி, வெற்று லூப்பே நேரத்தைத் தின்கிறது என்றால் மேலே போகலாம்.

சாதாரண ஃபார் லூப்பைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள், ஒவ்வொரு வரிக்கும் டிஸ்கைத் தட்டுகிறது என்ற எண்ணத்தில். மளிகைக் கடைக்குப் போய் ஒவ்வொரு மிளகாயாகவா வாங்கி வருவோம்? அடியில் மொத்தமாகப் படித்து வைத்துக்கொள்ளும் ஒரு பஃபர் இருக்கிறது, அதன் வழக்கமான அளவு நீண்ட காலமாக 8192 பைட்டாக இருந்தது. அந்த அளவிலேயே, ஒரு வரி 100 பைட் என்றால் ஒரு சிஸ்டம் காலுக்கு (கெர்னலிடம் ஒருமுறை கேட்பதற்கு) 80 வரி கிடைத்துவிடும். பஃபரை 1 எம்பி ஆக்கினால் சிஸ்டம் கால் குறையும், ஆனால் டெக்ஸ்ட் மோடில் அதற்கு மேலே உட்கார்ந்திருக்கும் டிகோடர் தனக்கென்று ஓர் அளவு வைத்துக்கொண்டு சின்னச் சின்னத் துண்டாகவே பைட்டை எழுத்தாக்குகிறது, அதனால் எதிர்பார்த்த அளவு பலன் தெரியாது. நெட்வொர்க் டிரைவில் இருக்கும் ஃபைல் என்றால் பஃபரைக் கூட்டிப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. லூப்பின் உண்மையான குறை வேறு: டெக்ஸ்ட் மோடில் லூப் ஓடும்போது, ஃபைலில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று சொல்லும் டெல் மெத்தடைக் கூப்பிட முடியாது, எர்ரர் வரும். எந்த இடம் வரை படித்தோம் என்று குறித்துவைத்து, நின்றுபோனால் அங்கிருந்தே தொடர வேண்டிய வேலைக்கு இது இடைஞ்சல். அதற்கு மட்டும் வொயில் லூப்பில் ரீட்லைனைக் கூப்பிடலாம். பஃபர் அதேதான், வரிக்கு ஒரு மெத்தட் கால் கூடுதல் என்பதால் கொஞ்சம் மெதுவாக ஓடும், டெக்ஸ்ட் மோடில் டெல்லும் சும்மா கிடைப்பதில்லை. லைன்கேஷ் மாட்யூல் குறிப்பிட்ட ஒரு வரியை மட்டும் எடுத்துத் தரும்போது சிக்கனமாகத் தெரியும், ஆனால் உள்ளே முழு ஃபைலையும் மெமரிக்கு ஏற்றிவிடுகிறது.

ரீட்லைன்ஸுக்கு வருவோம். ஒரு கோடி வரி, வரிக்கு 60 பைட், எல்லாம் ஆங்கில எழுத்து என்றால் ஃபைல் 600 எம்பி. ஆனால் பைதானில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் தனி ஆப்ஜெக்ட், தலைச்சுமையே 40, 50 பைட் வரும், லிஸ்டில் அதற்கொரு சுட்டி 8 பைட். கூட்டினால் ஏறத்தாழ 1.2 ஜிபி. சின்ன கான்ஃபிக் ஃபைலுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை, வரிகளை முன்னும் பின்னும் தாவிப் பார்க்க வேண்டும் அல்லது வரிசைப்படுத்த வேண்டும் என்றால் லிஸ்ட் எப்படியும் வேண்டும்தான். ஒரே ஒருமுறை மேலிருந்து கீழே போகும் வேலைக்கு இது வீண்.

ரீட் போட்டு ஸ்பிளிட்லைன்ஸ் செய்வது இன்னும் வேடிக்கை. சில நேரம் இதுதான் வேகமாக ஓடும், ஆனால் முழு டெக்ஸ்டும் வெட்டிய லிஸ்டும் ஒரே நேரத்தில் மெமரியில் நிற்கும். அதைவிட முக்கியமாக, வரி எண்ணிக்கையே மாறிப்போகலாம். ஃபைலை லூப்பில் படித்தால் நியூலைனும் கேரேஜ் ரிட்டர்னும்தான் வரியை முடிக்கும். ஸ்ட்ரிங்கின் ஸ்பிளிட்லைன்ஸோ ஃபார்ம் ஃபீட், செங்குத்து டேப், யூனிகோடின் வரிப்பிரிப்புக் குறி எல்லாவற்றிலும் வெட்டும். வேறு எங்கிருந்தோ காப்பி பேஸ்ட் ஆகி வந்த டெக்ஸ்டில் இந்தக் கண்ணுக்குத் தெரியாத குறிகள் ஒளிந்திருப்பது சகஜம், அப்புறம் 4,812ஆவது வரி என்று எர்ரர் சொல்லும், எடிட்டரில் திறந்தால் அங்கே வேறு எதுவோ இருக்கும்.

தமிழ் டெக்ஸ்ட் வைத்திருப்பவர்களுக்கு இதில் இன்னொரு கணக்கு. யூடிஎஃப்-8 ஃபைலில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். பைதான் 3.3 முதல் ஸ்ட்ரிங்கில் உள்ள மிகப் பெரிய குறியீட்டைப் பார்த்து, எல்லாவற்றுக்கும் 1, 2 அல்லது 4 பைட் என்று ஒரே அகலம் ஒதுக்குகிறது. தமிழுக்கு 2 போதும், ஆகவே 300 எம்பி ஃபைல் ஒரே ஸ்ட்ரிங்காக ஏறினால் 200 எம்பியை ஒட்டி அடங்கும். ஆனால் அதில் எங்கோ ஒரு மூலையில் யாரோ ஒரு சிரிக்கும் இமோஜி போட்டிருந்தால் ஸ்ட்ரிங் முழுவதும் 4 பைட்டுக்குத் தாவும், 400 எம்பி! வரி வரியாகப் படித்தால் அந்த இமோஜி அது இருக்கும் வரியோடு நின்றுவிடும்.

பைனரி மோடுதான் என் பார்வையில் விலை மலிவான வேகம். திறக்கும்போது மோடில் 'b' என்று ஒரே ஒரு எழுத்து சேர்த்தால் டிகோட் செலவு போய்விடும், லூப் அப்படியே ஓடும், டெல்லும் வேலை செய்யும். 'எர்ரர்' உள்ள வரி மட்டும் வேண்டும் என்றால் பைட்டாகவே தேடிவிட்டு, சிக்கிய வரிகளை மட்டும் டிகோட் செய்தால் போதும். சுத்த ஆங்கில லாகில் டிகோட் ஏற்கெனவே வேகம் என்பதால் வித்தியாசம் அளவாக இருக்கும், தமிழ் மாதிரி பல பைட் எழுத்துகளில் நன்றாகவே தெரியும். பைட்டில் வெட்டினால் எழுத்து உடைந்துவிடாதா என்ற பயம் யூடிஎஃப்-8க்குத் தேவையில்லை, பல பைட் எழுத்துக்குள் நியூலைன் பைட் வரவே வராதபடிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். யூடிஎஃப்-16 அப்படி இல்லை. அதில் நியூலைனின் பைட் மதிப்பான 0ஏ (0A), குஜராத்தி, குர்முகி எழுத்துகள் ஒவ்வொன்றிலும் பாதியாக உட்கார்ந்திருக்கும், பைட்டாக வெட்டினால் டெக்ஸ்ட் சின்னாபின்னம். விண்டோஸ் ஃபைலில் வரிக் கடைசியில் கேரேஜ் ரிட்டர்ன் ஒட்டிக்கொண்டு வரும் என்பதும் நினைவிருக்கட்டும்.

எம்மேப்பைப் பற்றிச் சொல்லப்படுவதில் பாதி சி மொழிக்குப் பொருந்தும், பைதானுக்குப் பொருந்தாது. கெர்னலிலிருந்து புரோகிராமுக்கு ஒரு காப்பி மிச்சம் என்பது உண்மைதான், ஆனால் பைதானில் ஒவ்வொரு வரியையும் பைட் ஆப்ஜெக்ட் ஆக்கும்போது அந்தக் காப்பி திரும்ப வந்து உட்கார்ந்துவிடுகிறது. மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாகப் படிக்க இதனால் பெரிய லாபம் இல்லை. ஃபைலுக்குள் அங்கும் இங்கும் தாவ, வரிசைப்படுத்திய ஃபைலில் பைனரி சர்ச் செய்ய, பல பிராசஸ் ஒரே ஃபைலைப் பகிர என்றால் எம்மேப்பை அடிக்க ஆள் இல்லை. பழகாதவர் தடுக்கி விழும் இடங்களும் உண்டு. எம்மேப்பை நேராக ஃபார் லூப்பில் போட்டால் வரி வராது, ஒவ்வொரு பைட்டாக வரும், ரீட்லைனைத்தான் கூப்பிட வேண்டும். காலி ஃபைலுக்கு எர்ரர் அடிக்கும். வேறொரு புரோகிராமின் வெளியீடு பைப்பிலிருந்து வந்தால் அதற்கு உதவாது. லாக் ஃபைலில் இன்னும் மோசம்: பழைய லாகை ஒதுக்கிவைக்கும் கருவியான லாக்ரொட்டேட்டின் காப்பிட்ரங்கேட் அமைப்பு நகல் எடுத்தபின் அதே ஃபைலை வெட்டிச் சுருக்கும், அந்த நேரத்தில் நீங்கள் காணாமல் போன பகுதியைத் தொட்டால் லினக்ஸ் சிக்பஸ் என்ற சிக்னலை அனுப்பும். ட்ரை, எக்ஸெப்ட் எதுவும் பிடிக்காது, பிராசஸ் அப்படியே செத்துவிடும்.

உண்மையிலேயே வேகம் வேண்டுமென்றால் வரியையே உருவாக்காமல் இருப்பதுதான் வழி. எத்தனை வரி என்று எண்ண வேண்டும் என்றால் பைனரியில் 1 எம்பி துண்டாகப் படித்து ஒவ்வொரு துண்டிலும் நியூலைனை கவுண்ட் செய்யுங்கள், லட்சக்கணக்கான குட்டி ஆப்ஜெக்ட் பிறக்கவே பிறக்காது. ஃபைல்களில் சொல் தேடும் கருவியான ஜிஎன்யூ கிரெப்பை முதலில் எழுதிய மைக் ஹேர்ட்டல், அதன் வேகத்துக்கு என்ன காரணம் என்று 2010இல் விளக்கியபோது இதையும் ஒரு காரணமாகச் சொன்னார்: உள்ளீட்டை வரிகளாக உடைப்பதில்லை, பஃபரில் நேராகத் தேடுகிறது, பொருத்தம் கிடைத்த பிறகுதான் அந்த வரியின் தொடக்கமும் முடிவும் எங்கே என்று பார்க்கிறது. பைதானிலும் இதைச் செய்யலாம், துண்டின் கடைசியில் பாதியில் நிற்கும் வரியை அடுத்த துண்டோடு ஒட்ட மறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எம்மேப்புக்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது 2024 ஜனவரியில் குன்னர் மார்லிங் ஜாவாவுக்காக நடத்திய நூறு கோடி வரிப் போட்டி. வானிலை நிலையப் பெயரும் வெப்பநிலையும் கொண்ட ஃபைல், அளவு சுமார் 13 ஜிபி. எளிமையாக எழுதிய முதல் புரோகிராம் எடுத்தது கிட்டத்தட்ட 4 நிமிடம் 50 விநாடி, வென்றது 1.5 விநாடியை ஒட்டி. வென்றதில் எம்மேப் இருந்தது, சரி. ஆனால் ஃபைலைத் துண்டாக்கி 8 கோரிலும் ஓட்டினார்கள், எண்ணை ஸ்ட்ரிங்காக்காமல் பைட்டிலிருந்தே கணக்கிட்டார்கள், பெயருக்குச் சொந்தமாக ஹேஷ் டேபிள் எழுதினார்கள். ஃபைலும் ரேம் டிஸ்கில் இருந்தது, டிஸ்க் பிரச்சினையே கிடையாது. இவ்வளவையும் ஒதுக்கிவிட்டு எம்மேப்பை மட்டும் எடுத்துவந்து பைதானில் ஒட்டினால் அந்த வேகம் எப்படி வரும்?

அந்தப் போட்டியிலிருந்து பைதானுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடியது ஃபைலைப் பங்கு பிரிப்பதுதான். ஃபைல் அளவை பிராசஸ் எண்ணிக்கையால் வகுத்து, ஒவ்வொரு பிராசஸும் தன் தொடக்க இடத்துக்கு சீக் செய்து, (முதல் பிராசஸைத் தவிர) அடுத்த நியூலைன் வரை தள்ளிப்போய் அங்கிருந்து ஆரம்பிக்கும், தன் எல்லையைத் தாண்டும் கடைசி வரியை மட்டும் முழுதாகப் படித்து முடிக்கும். பைனரி மோடில் இதற்கு இருபது வரி கோட் போதும், வரிக்கு வரி கனமான வேலை இருந்தால் இதுதான் கண்கூடாகப் பலன் தரும். ஜிஜிப் செய்து சுருக்கிய ஃபைலுக்கு மட்டும் இது செல்லாது, நடுவிலிருந்து விரிக்க முடியாது என்பதால் எல்லா பிராசஸும் தொடக்கத்திலிருந்தே வர வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட லாகை சேமிக்கும்போதே மணிக்கொரு ஃபைலாக வெட்டி ஜிஜிப் செய்யச் சொல்லுங்கள், பிராசஸுக்கு ஒரு ஃபைல் என்று கொடுத்துவிடலாம்.