தி வால்: முதலில் ஆல்பமா, படமா?

பிங்க் ஃப்ளாய்ட் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவை இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கும் என் அக்கா மகன், அவர்களுடைய 'தி வால்' ஆல்பத்தை முதலில் கேட்பதா, படத்தை முதலில் பார்ப்பதா என்று கேட்டான். யோசிக்காமல் ஆல்பம் என்றேன். இரண்டோடும் பல வருடப் பழக்கம் உண்டு என்பதால், ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளக்கிவிடுகிறேன்.

தெரிந்த விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். ஆல்பம் 1979 நவம்பரில் இரண்டு இசைத்தட்டுகளாக, தட்டுக்கு இரண்டாக மொத்தம் நான்கு பக்கங்களோடு வந்தது. 80 நிமிடங்களுக்குக் கொஞ்சம் மேல். 1982இல் ஆலன் பார்க்கர் அதைப் படமாக்கினார். திரைக்கதை குழுவின் ரோஜர் வாட்டர்ஸ். நாயகன் பிங்க் என்ற ராக் பாடகனாக பாப் கெல்டாஃப். போரில் இறந்த அப்பா, பொத்திப் பொத்தி வளர்க்கும் அம்மா, குத்திக்காட்டும் வாத்தியார், முறிந்துபோன திருமணம் என்று ஒவ்வொரு காயமும் ஒரு செங்கல்லாக, பிங்க் தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொள்கிறான். படத்தில் வசனம் மிகக் குறைவு. கதையைப் பாட்டுகளே சொல்கின்றன.

படம் ஜெயிக்கும் இடம் அப்பாவின் கதை. வாட்டர்ஸின் அப்பா 1944இல் இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில் இறந்தபோது மகனுக்கு ஐந்து மாதம். ஆல்பத்தில் இந்த இழப்பு ஒரு சின்னப் பாட்டோடு கடந்துபோகிறது. படமோ, ஆல்பத்தில் இல்லாத 'வென் த டைகர்ஸ் ப்ரோக் ஃப்ரீ' பாட்டைச் சேர்த்து, ஆரம்பத்திலேயே போர்முனைக்குப் போய்விடுகிறது. பூங்காவில் குட்டிப் பிங்க் யாரோ ஒருவரின் கையைப் போய்ப் பிடித்துக்கொள்வான். அவர் உதறிவிடுவார். அப்பாவின் ராணுவ உடுப்பைத் தேடியெடுத்து, அளவே இல்லாமல் தொங்குகிற அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பான். இதையெல்லாம் பார்த்துவிட்டு ஆல்பத்துக்குத் திரும்பினால் முதல் பக்கம் முழுக்க வேறு கனத்தில் ஒலிக்கும். கார்ட்டூன் ஓவியர் ஜெரால்ட் ஸ்கார்ஃபின் அனிமேஷனில் அணிவகுத்து வரும் சுத்தியல்களைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள்; அவை உண்மையிலேயே அபாரம்.

அப்படியும் நான் ஆல்பத்தின் பக்கம்தான். காரணம் ஒரே ஒரு பாட்டு: 'ஹே யூ'.

இரண்டாம் பக்கத்தின் கடைசியில் சுவர் முழுதாக மூடிவிடுகிறது. அடுத்த தட்டைப் போட்டால் முதலில் வருவது இதுதான். அக்கூஸ்டிக் கிட்டார் தனியாக மீட்ட, குழுவின் கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மர் தணிந்த குரலில் வெளியே இருப்பவர்களைக் கூப்பிடுகிறார். நடுவில் எலக்ட்ரிக் கிட்டார் சீறி அடங்குகிறது. சுவர் உயரமாகிவிட்டது, எவ்வளவு முயன்றும் அவனால் வெளியே வர முடியவில்லை என்ற செய்தி வருகிறது. அப்புறம் வாட்டர்ஸின் குரல், கிட்டத்தட்ட கெஞ்சலாக. பிங்க் தன் தவறை உணர்ந்து கையை நீட்டும் இடம் இது. இந்தப் பாட்டு முதலில் மூன்றாம் பக்கத்தின் முடிவில்தான் இருந்தது. தயாரிப்பாளர் பாப் எஸ்ரின் சொல்லித்தான் முன்னால் வந்தது. அதற்குள் உறை அச்சாகிவிட்டதால், பழைய இசைத்தட்டு உறையில் வரிகள் பழைய இடத்திலேயே இருக்கும். கடைசி நேரத்தில் இப்படி மாற்றும் அளவுக்கு இதன் இடம் அவர்களுக்கு முக்கியமாகப் பட்டிருக்கிறது.

படத்தில் இந்தப் பாட்டே இல்லை. எடுத்தார்கள், பிறகு வெட்டிவிட்டார்கள். டிவிடியில் கூடுதல் இணைப்பாகக் கருப்பு வெள்ளையில் கிடைக்கிறது. அதனால் படத்தில் பிங்க் சுவரில் முட்டி மோதுவான், ஹோட்டல் அறையை நொறுக்கிய பிறகு சிதறிய சாமான்களைத் தரையில் வரிசையாக அடுக்குவான், புருவத்தை மழிப்பான். கெல்டாஃப் இதையெல்லாம் நன்றாகவே செய்திருக்கிறார். ஆனால் 'ஹே யூ'வில் போல அவன் கெஞ்சிக் கூப்பிட்டு நாம் கேட்பதில்லை. பின்னால் அவன் சர்வாதிகாரியாக மேடையேறும்போது, கச்சேரிக்காக அவனுக்குப் போட்ட ஊசி மருந்தின் வேலை என்றுதான் படுகிறது. ஆல்பத்திலோ, கூப்பிட்டும் யாரும் வராத ஒருவன் அந்த நிலைக்குப் போகிறான். எனக்கு மொத்தக் கதையின் நியாயமும் இங்கேதான் இருக்கிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படத்தை நான் தியேட்டரில் பார்த்ததில்லை, டிவியிலும் கணினியிலும்தான். பெரிய திரையில், முழுச் சத்தத்தில் பார்த்தவர்கள் மாற்றிச் சொன்னால் மறுக்க மாட்டேன்.

2014இல் வந்த வாட்டர்ஸின் கச்சேரிப் படம் மூன்றாவது வழி. அந்தக் கச்சேரிகளில் சுவர் மேடையை முழுதாக மறைத்து நிற்க, 'ஹே யூ' அதன் பின்னாலிருந்து ஒலிக்கும். அந்த ஒரு பாட்டுக்காகவே பார்க்கலாம், ஆனால் முதல் அறிமுகத்துக்கு அது சரிவராது.

அக்கா மகனுக்குச் சொன்னது இதுதான்: வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஆல்பத்தை வரிசை மாற்றாமல், ஷஃபிள் போடாமல் ஒரே மூச்சில் கேள். சில நாள் கழித்துப் படம் பார். அதன் பிறகு டிவிடியில் அந்த வெட்டிய காட்சியைத் தேடிப் பார்.