ஆறு சீசன் எஃப் ஷார்ப்: கழிவு இரண்டு முறை கழியவில்லை, ஆனால்…

காவேரிப்பட்டினத்தில் மாங்கூழ் ஆலை ஒன்றுக்குக் கணக்கு மென்பொருள் எழுத ஒப்புக்கொண்ட நண்பன் போன வாரம் கேட்டான்: "மாப்ள, ஜாவாவா, உன் எஃப் ஷார்ப்பா?" இரண்டும் நிரல் எழுதும் மொழிகள். ஆறு மாம்பழ சீசனை எஃப் ஷார்ப்போடு ஓட்டியவன் நான். உடனே பதில் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

முதலில் ஜாவா. கிருஷ்ணகிரி மண்டி ஒன்றுக்கு நான் எழுதிய பழைய பில் மென்பொருளில் 'சிட்டை' என்று ஒரு கிளாஸ் (விவரங்களையும் அவற்றை வைத்துச் செய்யும் வேலைகளையும் ஒன்றாகக் கட்டிய அச்சு). எடை, விலை, கழிவு எல்லாம் அதற்குள். நிகர எடையைக் கேட்டால் கழிவைக் கழித்துத் தரும் மெத்தட் (கிளாஸுக்குள் எழுதிய ஒரு வேலை), கழித்த எடையை ஆப்ஜெக்ட்டுக்குள்ளேயே, அதாவது அந்தச் சிட்டைக்குள்ளேயே, திரும்ப எழுதியும் வைத்தது. எழுதியவன் சாட்சாத் நானேதான். ஒரு நாள் 8 டன் பெங்களூரா ரக மாங்காய் வந்தது. 5 சதவீதக் கழிவு போக 7,600 கிலோ. அதைத் திரையில் ஒரு தடவை பார்த்துவிட்டு அச்சடித்தால் 7,220! வெறுமனே பார்த்ததற்கு 380 கிலோ காய் போச்சு. விவசாயி எடைச் சீட்டோடு வந்து நின்றார். மண்டிக் கணக்குப்பிள்ளை என்னைத் திட்டவில்லை. "எழுதினதை அழிச்சு எழுதுற பழக்கம் எங்க பேரேட்டுல இல்லையே தம்பி" என்றார், அவ்வளவுதான். தப்பு விழுந்தால் அவர் எதிர்ப்பதிவு போடுவார். பழைய வரி அப்படியே நிற்கும்.

எஃப் ஷார்ப் அந்தப் பேரேடு மாதிரி. ஒரு பெயருக்குக் கொடுத்த மதிப்பு கொடுத்ததுதான். மாற்றியே தீருவேன் என்றால் 'மியூட்டபிள்' என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுத வேண்டும். சிட்டையில் எடை திருத்தினால் 'வித்' போட்டுப் புதுச் சிட்டை. பழையது தொடப்படாமல் கிடக்கும். நிகர எடை இப்போது வெறும் ஃபங்ஷன்: எடையை வாங்கி விடை தரும், எதையும் திருத்தாது. பத்து முறை கூப்பிட்டாலும் 7,600தான். ஆறு சீசனில் இந்த வகைத் தகராறு ஒன்றுகூட வரவில்லை. கிலோ, டன் இரண்டையும் தனி அலகாக அறிவித்துவிட்டால், தெரியாமல் கூட்டினாலும் கம்பைலர் (எழுதிய நிரலைச் சரிபார்த்துக் கணினிக்கேற்ப மாற்றும் மென்பொருள்) விடாது. (இந்த அலகு விஷயம் எஃப் ஷார்ப்பின் சொந்தச் சரக்கு. எஃப் ஷார்ப் மாதிரி ஃபங்ஷன்களை அடிப்படையாக வைத்த எல்லா ஃபங்ஷனல் மொழிக்கும் இந்தப் புகழ் சேராது.)

ஜாவாவை மட்டும் குறை சொன்னால் பாவம். ஒரு தடவை கொடுத்த மதிப்பை மாற்ற விடாத 'ஃபைனல்' அப்போதே இருந்தது, நான் போடவில்லை. 2014-இல் ஜாவா 8 லாம்டாவை (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்) கொண்டுவந்தது. 2021-இல் ஜாவா 16-இல் ரெக்கார்டும் (உள்ளே போட்ட மதிப்புகளை மாற்றி எழுத விடாத விவரக் கட்டு) நிலையாகிவிட்டது. ஜாவா மாதிரி ஆப்ஜெக்ட் மொழிகளும் எஃப் ஷார்ப் மாதிரி ஃபங்ஷனல் மொழிகளும் ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்கிக்கொண்டே இருக்கின்றன.

இப்போது என் வயிற்றெரிச்சல். எஃப் ஷார்ப்பில் கோப்புகளைப் புராஜெக்ட்டில் வரிசையாக அடுக்க வேண்டும். கீழே உள்ள கோப்பு மேலே உள்ளதைப் பார்க்கலாம், மேலே உள்ளது கீழே உள்ளதைப் பார்க்க முடியாது. குழப்பமில்லாமல் எழுத வைக்கும் நல்ல ஒழுங்கு என்று இதைப் புகழ்கிறார்கள். இருக்கலாம். ஜூன் மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு, வாசலில் லாரி வரிசை நிற்க, விலைக் கோப்பை ஓர் இடம் மேலே ஏற்றியதும் அதற்குக் கீழே எல்லாம் சிவப்பாக எரிந்தால் அந்த ஒழுங்கின் மேல் மரியாதை வராது. இதைவிடப் பெரிய தலைவலி, ஆள். என்னோடு இருந்த பையன் ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அடுத்து வந்தவர்களுக்கு ஜாவா தெரிகிறது, பைத்தான் தெரிகிறது. என் கோடைத் திறந்தவுடன், "அண்ணா, கிளாஸ் எல்லாம் எங்கண்ணா?" என்கிறார்கள். ஆறு வருடமாக எனக்குக் காய்ச்சல் வர அனுமதியில்லை.

நண்பனுக்கு ஜாவா என்றே பதில் அனுப்பினேன். "அப்போ நீயும் மாத்தப் போறியா?" என்று கேட்டான். நான் ஏன் மாற்ற வேண்டும்? எல்லாவற்றையும் ரெக்கார்டாகப் போடு, மதிப்பை மாற்றி எழுதும் செட்டர் மெத்தட் எழுதிவிட்டு ராத்திரி என்னைக் கூப்பிடாதே என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.