டிஃபெண்டரே போதுமா, மேலே இன்னொன்று வேண்டுமா? ராமநாதபுரம் கரையோரக் கணினிகளுக்கு ஓர் ஒப்பீடு

மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என இந்தக் கரையோரத்து வீட்டுக் கணினியும் கடைக் கணினியும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஓடுகின்றன. இணையத்துக்குக் கைப்பேசி ஹாட்ஸ்பாட். கோப்புகளுக்கு ஜெராக்ஸ் கடைக்குப் போய்வரும் பென்டிரைவ். பாஸ்போர்ட் நகலும் விமான டிக்கெட்டும் மீன் கம்பெனி பில்லும் வாட்ஸ்அப்பில் வந்து விழும். எந்த இலவச ஆன்டிவைரஸ் நல்லது என்பதை இந்த மூன்றையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. பணம் கேட்டு நச்சரிக்காது, தனிக் கணக்கு தொடங்கச் சொல்லாது. எங்கள் முதல் தேர்வு இதுதான். ஆனால் வந்தபடியே விட்டால் பாதி வேலைதான் செய்யும். முழு ஸ்கேன் கொடுத்தாலும் இயல்பு அமைப்பில் அது பென்டிரைவைத் தொடாது. பென்டிரைவ் செருகியதும் திறக்காமல், அதன் மேல் வலது கிளிக் செய்து டிஃபெண்டர் ஸ்கேனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்தது ஹாட்ஸ்பாட். டேட்டாவை மிச்சப்படுத்த மீட்டர்டு கனெக்‌ஷன் போட்டிருந்தால், வைரஸ் அடையாளக் கோப்புகள் நேரத்துக்கு இறங்காமல் நின்றுபோகலாம். விண்டோஸ் செக்யூரிட்டியில் ப்ரொடெக்‌ஷன் அப்டேட்ஸ் போய்க் கடைசியாக இறங்கிய தேதியைப் பாருங்கள். மூன்று நாளுக்கு மேல் பழசாக இருந்தால் அங்கேயே கையால் இறக்கிவிடுங்கள். கடையில் மூன்று கணினி இருந்தால், அந்த அப்டேட் கோப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஒரு முறை இறக்கி மூன்றிலும் ஓட்டலாம். டேட்டா மிச்சம்.

கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேருக்கு எதிரான கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் என்ற வசதி டிஃபெண்டரில் அணைந்தே இருக்கும். போட்டுவிடுங்கள். போட்ட மறுநாள் கணக்கு மென்பொருளிலோ பழைய பில்லிங் புரோகிராமிலோ சேமிக்க முடியவில்லை என்று வரலாம். அது பழுதல்ல, தெரியாத புரோகிராம் டாக்குமெண்ட்ஸில் எழுதுவதை அது தடுக்கிறது. அதே பக்கத்தில் அந்தப் புரோகிராமுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் சரியாகிவிடும். இந்தக் கட்டத்தில் பலர் வசதியையே அணைத்துவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள்.

மற்றவற்றுக்கு வருவோம். அவாஸ்ட், ஏவிஜி, அவிரா மூன்றும் இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில். அவாஸ்டா ஏவிஜியா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டுக்கும் உள்ளே இருப்பது ஒரே எஞ்சின். பிடிக்கும் திறன் நன்றாகவே இருக்கிறது. ஆனால் கட்டணப் பதிப்புக்கு இழுக்கும் அறிவிப்புகள் அதிகம். நிறுவும்போது கூடவே பிரவுசரும் வரும். டிக்கை எடுக்க மறந்தால் உட்கார்ந்துகொள்ளும். பயனர்களின் இணைய உலாவல் தரவைத் துணை நிறுவனமான ஜம்ப்ஷாட் வழியே விற்றதற்காக, 2024ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அவாஸ்டை 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. ஜம்ப்ஷாட் 2020லேயே மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் ஊரார் பாஸ்போர்ட்டும் ஆதாரும் இருக்கும் கணினிக்கு இதைப் பரிந்துரைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

பிட்டிஃபெண்டரின் இலவசப் பதிப்பு அமைதியானது. கணக்கு தொடங்கியே ஆக வேண்டும். மாற்றக்கூடிய அமைப்புகள் குறைவு. அமைப்புப் பக்கங்களுக்குள் போகப் பயப்படும் பெரியவர்களின் கணினிக்கு, டிஃபெண்டரை விட்டு வேறொன்று வேண்டுமானால் இதைப் போடலாம். காஸ்பர்ஸ்கி இலவசப் பதிப்பும் திறமையானதுதான். 2024ல் அமெரிக்கா தன் நாட்டில் அதன் விற்பனையையும் அப்டேட்டையும் தடை செய்தது. அந்தத் தடை இங்கே பொருந்தாது.

மால்வேர்பைட்ஸ் வேறு வகை. இலவசப் பதிப்பு நாம் ஓட்டும்போது மட்டும் தேடும், பின்னால் நின்று காவல் காக்காது. நிறுவியதும் 14 நாள் கட்டணப் பதிப்புச் சோதனை தொடங்கிவிடும். அந்த நாட்களில் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளலாம். எனவே அதன் செட்டிங்ஸில், விண்டோஸ் செக்யூரிட்டி சென்டரில் தன்னைப் பதிவு செய்துகொள்ளும் வசதியை அணைத்துவிடுங்கள். டிஃபெண்டர் காவலுக்கு, மால்வேர்பைட்ஸ் மாதம் ஒரு முறை மறுபார்வைக்கு: இந்தச் சேர்க்கை நன்றாக வேலை செய்யும். எப்போதும் காவல் காக்கும் ஆன்டிவைரஸ் இரண்டை ஒன்றாகப் போட்டால், ஒரே கோப்பை இரண்டும் பிடித்து இழுத்து 4 ஜிபி ரேம் கணினியைப் படுக்க வைத்துவிடும்.

இந்திய அரசு 2017ல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திராவின் தளத்தில், நமக்குத் தெரியாமல் கணினியை வெளியாள் ஆட்டிவைக்க விடும் பாட் என்ற வைரஸை நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தொற்றியதைக் கழுவத்தான் அவை. நிரந்தரக் காவலுக்கு அல்ல.

பென்டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால், கோப்புகள் போய்விடவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. ஷார்ட்கட்டை இரட்டைக் கிளிக் செய்தால்தான் வைரஸ் ஓடும். முதலில் ஸ்கேன். பிறகு ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் டிக்கையும் எடுங்கள். பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் உங்கள் கோப்புகள் இருக்கலாம். ஆவணங்களை மட்டும் வெளியே எடுத்துவிட்டு பென்டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் தொற்று கணினியிலேயே இருக்கிறது. டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். கணினி மறுபடி தொடங்கி, 15 நிமிடம் போல ஆகும். யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் மின்வெட்டு வராத நேரம் பார்த்து ஓட்டுங்கள்.

பென்டிரைவ் விட்டுவிட்டு இணைவதையும், ஃபார்மேட் செய்யச் சொல்லும் செய்தியையும் உடனே வைரஸ் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உப்புக்காற்றில் யுஎஸ்பி முனை பச்சை பூத்தாலும் இதே அறிகுறிதான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்த பிறகு செருகிப் பாருங்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதன் ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. டிஃபெண்டரின் அடையாளக் கோப்புகள் 2028 அக்டோபர் வரை வரும் என மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் விண்டோஸின் சொந்த ஓட்டைகளை அவை அடைக்காது. நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை தாக்குப்பிடிக்கலாம்.

சர்வீஸுக்குப் போய் வந்த கணினியில் முதலில் டிஃபெண்டரின் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலை, அதாவது ஸ்கேன் செய்ய வேண்டாம் என ஒதுக்கிய இடங்களின் பட்டியலை, திறங்கள். திருட்டு விண்டோஸையும் ஆபீஸையும் உரிமம் இல்லாமல் ஓட வைக்கும் ஆக்டிவேட்டர் புரோகிராம்கள் தங்களைப் பிடிக்காமலிருக்க அங்கே ஃபோல்டர்களைச் சேர்ப்பதுண்டு; சில நேரம் சி டிரைவ் முழுவதையுமே. அப்படி இருந்தால், பச்சை டிக் தெரிந்தாலும் அந்த இடத்தை டிஃபெண்டர் பார்ப்பதே இல்லை. நீங்கள் சேர்க்காத ஒவ்வொரு வரியையும் நீக்கிவிட்டு, அன்றைக்கே முழு ஸ்கேன் ஓட்டுங்கள்.